தம்பிக்காக ஒரு டிரஸ்ட்

அப்பா இறந்து நாற்பது நாள் கழித்துத் தம்பியை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். அப்பாவின் வைப்புத்தொகையில் அவனுக்கு உரிய பங்கை அவன் பெயருக்கு மாற்ற வேண்டும். கவுண்டரில் இருந்தவர் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தி, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றார். தம்பிக்கு அப்போது முப்பத்தொரு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். பேனாவை வாங்கிக்கொண்டு, நாக்கை உதட்டோரம் கடித்தபடி, கட்டத்துக்குள் மிகக் கவனமாக '29சி' என்று எழுதினான். சின்ன வயதில் அவனும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் போகும் பஸ்ஸின் எண் அது. அவர் கோபப்படவில்லை. "இவருக்குக் கார்டியன் யார்? ஆணை ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை.

அப்பா முப்பது ஆண்டுகள் தம்பிக்காகச் சேமித்தவர். சம்பளம் வந்ததும் முதலில் அவனுக்கென்று ஒரு தொகையை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற செலவு. கடைசிவரை அவர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நீ இருக்கிறாய், எனக்கென்ன கவலை?" பணத்தைச் சேர்த்தார். அது மாதாமாதம் தம்பியைப் போய்ச் சேர ஒரு வழியை எழுதி வைக்கவில்லை.

சிறப்புப் பள்ளி வாசலிலும், பயிற்சி வகுப்புகளுக்கு வெளியே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் நான் சந்திக்கும் பெற்றோர் எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்பது ஒன்றுதான்: எங்களுக்குப் பிறகு யார்? இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? பிள்ளையின் பணத்தை யார் பார்த்துக்கொள்வது? இரண்டுக்கும் ஒரே ஆளை விடையாகச் சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாவது கேள்விக்குச் சட்டம் தந்திருக்கும் விடைதான் டிரஸ்ட்.

டிரஸ்ட் என்றதும் நம் ஊரில் கல்லூரி நடத்தும் அறக்கட்டளையோ அன்னதானம் போடும் அறக்கட்டளையோதான் நினைவுக்கு வரும். அவை பொது அறக்கட்டளைகள். நான் சொல்வது தனியார் டிரஸ்ட். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்தின்கீழ், ஒரே ஒரு மனிதரின் நலனுக்காகவும் இதை அமைக்கலாம். கோடீஸ்வரர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தவறு.

இதன் இயக்கம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான். ஊரை விட்டுப் போகிற ஒரு தாய், நகைப்பெட்டியைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்து, "என் மகள் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி ஆச்சியின் பீரோவில் இருக்கிறது. பூட்டும் சாவியும் ஆச்சியிடம். ஆனால் நகை ஆச்சியுடையது அல்ல. சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு எழுத்து வடிவம் கொடுத்து, கோர்ட்டில் போய்க் கேட்கக்கூடிய கடமையாக்குகிறது. சொத்தைக் கொடுப்பவர் டிரஸ்ட்டை அமைப்பவர். அதைத் தன் பெயரில் வைத்து நிர்வகிப்பவர் டிரஸ்டி. யாருக்காக எல்லாமோ, அவர் பயனாளி. இன்னாருக்காக, இந்தக் காரியத்துக்காக, இந்தச் சொத்தை, இவர் கையில் ஒப்படைக்கிறேன் என்று சொல்லும் ஆவணம் டிரஸ்ட் பத்திரம்.

சொத்து டிரஸ்டியின் பெயரில் இருப்பதால் வங்கியிலோ சார் பதிவாளர் அலுவலகத்திலோ தம்பியின் கையெழுத்து தேவைப்படாது. அதே சமயம் டிரஸ்டி அந்தப் பணத்தைத் தன் லாபத்துக்குத் தொடக்கூடாது. கணக்கு வைத்துக் காட்ட வேண்டும். ஏற்றுக்கொண்ட பொறுப்பை நினைத்த நேரத்தில் உதறிவிட்டும் போக முடியாது. டிரஸ்டிக்குக் கடன் வந்தால் கடன்காரர் இந்தப் பணத்தைக் கேட்க முடியாது. டிரஸ்டி இறந்தால் அவருடைய பிள்ளைகள் இதைப் பங்கு போட முடியாது.

வழக்கமாக நம் வீடுகளில் செய்வது வேறு. "எல்லாவற்றையும் அக்கா பெயருக்கு எழுதிவிடலாம், அவள் பார்த்துக்கொள்வாள்." அந்த அக்கா நான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். என் பெயருக்கு எழுதினால் அது என் சொத்து. என் கணவரின் தொழில் நொடித்து அதற்கு நான் ஜாமீன் போட்டிருந்தால் அது போகும். எனக்கு விவாகரத்து என்று வந்தால் அது பேச்சுக்கு வரும். நாளை காலை ஒரு லாரி என்னை அடித்துப் போட்டால் அது என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். தம்பிக்குச் சட்டப்படி அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இதில் அக்காவின் நல்ல மனசு எங்கேயும் குறுக்கே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். என்னை நம்பாததாலா டிரஸ்ட் என்று கூடப்பிறந்தவர்கள் வருத்தப்படத் தேவையில்லை. இது எங்களையும் காக்கிறது. "தம்பி பணத்தில்தான் இவர்கள் கார் வாங்கினார்கள்" என்று எந்த உறவினரும் பேச முடியாதபடி கணக்கு தனியாக நிற்கிறது.

பிள்ளையின் பெயருக்கே எழுதிவிடுவது இன்னொரு வழக்கம். எதுவும் எழுதாமல் போனாலும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. நோயோ குறைபாடோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமை போகாது என்று அந்தச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. அது நியாயமானது, மகிழ வேண்டிய விதி. ஆனால் ஒப்பந்தம் செய்யும் அளவுக்குப் புரிந்துகொள்ள இயலாத ஒருவரின் பெயரில் சொத்து விழுந்துவிட்டால், அதைப் பிறகு டிரஸ்ட்டுக்குள் கொண்டுவருவது மிகக் கடினம். ஏனென்றால் டிரஸ்ட் அமைக்கும் தகுதி சொத்துக்காரருக்கு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. அப்பாவின் சொத்தில் தம்பியின் பங்கு கார்டியன் கணக்கில் இருக்கிறது. அம்மா தன் பங்கையும் தன் சேமிப்பையும் மட்டுமே டிரஸ்ட்டாக ஆக்க முடிந்தது. அப்பா ஒரே ஒரு உயில் எழுதியிருந்தால் எல்லாமே ஒரே இடத்தில் இருந்திருக்கும்.

நாமினி போட்டிருக்கிறோமே என்பவர்களும் உண்டு. பெரும்பாலும் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான், உரிமையாளர் அல்ல. பங்குகள் விஷயத்தில்கூட உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை உறுதிப்படுத்தியது. பெற்றுக்கொண்ட பணத்தை அடுத்த முப்பது ஆண்டுகள் என்ன செய்வது என்பதற்கு நாமினிப் படிவத்தில் இடமே இல்லை.

எப்போது தொடங்குவது?

உயிரோடு இருக்கும்போதே பத்திரம் எழுதித் தொடங்கலாம். அல்லது உயிலுக்குள்ளேயே டிரஸ்ட்டை எழுதிவைத்து, இறந்த பிறகு அது நடைமுறைக்கு வரும்படி செய்யலாம். வீடு, நிலம் என்றால் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், அல்லது உயிலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முஸ்லிம் குடும்பங்களில் உயில் மூலம் கொடுக்கக்கூடிய அளவுக்கு அவர்களுடைய தனிச்சட்டத்தில் வரம்பு உண்டு என்பதால் அவர்கள் முதலிலேயே அந்தச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்ப்பது நல்லது.

என்னைக் கேட்டால், சிறிய தொகையோடு இப்போதே தொடங்குங்கள். பான் எண் வாங்கி, வங்கிக் கணக்கு திறந்து, அதிலிருந்து பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் டிரஸ்டிகள் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளில் யார் ரசீதைப் பத்திரப்படுத்துகிறார், யார் போனை எடுப்பதில்லை என்பது தெரிந்துவிடும். ஆளை மாற்ற நீங்கள் இருக்கும்போதே வாய்ப்பு கிடைக்கும். பெரிய சொத்துகளை உயில் மூலம் பிறகு இதே டிரஸ்ட்டில் சேர்க்கலாம்.

ஆயுள் காப்பீடு எடுக்கும் தந்தையருக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி, ஒரு கணவர் தன் உயிர்மேல் எடுக்கும் பாலிசியை மனைவி அல்லது பிள்ளைகளின் நலனுக்காக என்று எழுதிவிட்டால், அந்தப் பாலிசியே அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடுகிறது. அவருடைய கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதற்குரிய படிவத்தைக் கொடுக்க வேண்டும். முகவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள். அங்கே டிரஸ்டியாகக் குறிக்கும் ஆளும், குடும்ப டிரஸ்ட்டின் டிரஸ்டியும் முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இன்று பிள்ளைக்கு மாதம் 25,000 ரூபாய் ஆகிறது, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், இருபது ஆண்டுகளில் அதே வாழ்க்கைக்கு மாதம் 80,000 ரூபாய் தேவை. இந்தக் கணக்கு அம்மாவை ஒரு இரவு தூங்கவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான், சும்மா கிடந்த மனையை விற்கச் சம்மதித்தார்.

டிரஸ்டி யார், கார்டியன் யார்?

பதினெட்டு வயதானதும் பெற்றோர் தானாகவே கார்டியன் என்ற நிலை முடிந்துவிடுகிறது. பல வீடுகளில் இது வங்கிக் கவுண்டரில்தான் தெரியவருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டம் உண்டு. பெயரில் டிரஸ்ட் இருந்தாலும் அது ஒரு மத்திய அரசு அமைப்பு. உங்கள் குடும்பப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் அல்ல. அந்தச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துக் கார்டியனாக நியமனம் பெறலாம். நியமனமான ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பிறகு ஆண்டுதோறும் கணக்கையும் கொடுக்க வேண்டும். மனநோய் இந்த நான்கில் வராது. அந்தக் குடும்பங்கள் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள வரையறுக்கப்பட்ட (குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டுமான) கார்டியன் ஏற்பாட்டையோ நீதிமன்றத்தையோ நாட வேண்டியிருக்கும். நோய் தணிவதும் கூடுவதுமாக இருக்கும் வீட்டில் டிரஸ்ட்டின் அருமை இன்னும் அதிகம்.

கார்டியன் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவர். டிரஸ்டி பணப்பையைப் பிடித்திருப்பவர். இரண்டும் ஒரே ஆளாக இருக்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனாலும் வேறு வேறு ஆட்களாக வையுங்கள் என்று யாரிடமும் மன்றாடியே சொல்வேன். "இந்த மாதம் பிசியோதெரபிக்கு 6,000 ரூபாய் வேண்டும்" என்று ஒருவர் கேட்க வேண்டும், "ரசீது எங்கே?" என்று இன்னொருவர் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில்தான் பிள்ளையின் பாதுகாப்பு இருக்கிறது. எங்கள் வீட்டில் நான் கார்டியன். டிரஸ்டிகள் மூவர்: சித்தப்பா மகன், அம்மாவோடு வேலை பார்த்த ஒரு டீச்சர், குடும்பத்துக்கு வெளியே ஒரு ஆடிட்டர். மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். இப்படிப் பத்திரத்திலேயே எழுதாவிட்டால் எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்துதான் எதையும் செய்ய முடியும் என்பது சட்டத்தின் பொது விதி. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் வேலை நின்றுவிடும்.

டிரஸ்டிக்குச் சம்பளம் என்பது பத்திரத்தில் எழுதினால்தான் உண்டு. வெளியாளுக்கு ஒரு சிறு தொகையாவது எழுதுங்கள். ஓசியில் இருபது ஆண்டு வேலை வாங்க நினைப்பது நியாயமில்லை. எல்லா டிரஸ்டிகளும் உங்கள் வயதுக்காரர்களாக இருந்தால் உங்களோடு சேர்ந்தே முதுமையடைவார்கள். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அடுத்தவரை யார் நியமிப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். உறவில் ஆளே இல்லாதவர்களுக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு டிரஸ்டியாக இருக்கும் நிறுவனங்கள் உண்டு. பிள்ளை தங்கியிருக்கும் விடுதியை நடத்துபவர்களையே டிரஸ்டியாகப் போடாதீர்கள். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், கட்டணம் கேட்பவரும் அதை அனுமதிப்பவரும் ஒருவராகிவிடக் கூடாது.

பெற்றோர் கடைசியில் அவசரமாக நிரப்பும் இடம் ஒன்று இருக்கிறது: பிள்ளையின் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு? கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் பிள்ளைகளுக்கு என்று பல பத்திரங்களில் எழுதுகிறார்கள். நன்றிக்காக எழுதுவதுதான். ஆனால் அன்றிலிருந்து, தம்பிக்கு நல்ல காலணி வாங்கினால் என் மகளுக்கு அவ்வளவு குறையும் என்ற கணக்கு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அந்தக் கணக்கை யார் தலையிலும் ஏற்றாதீர்கள். பார்த்துக்கொள்பவருக்கு நன்றி காட்ட வேண்டுமானால் மாதாமாதம் ஒரு தொகையை நேராகக் கொடுக்கும்படி எழுதலாம். மிச்சத்தை இதில் எந்தப் பொறுப்பும் இல்லாத ஒருவருக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ விடலாம்.

வரி விஷயத்தை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள். மூன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பயனாளியும் பங்கும் தெளிவாக இருந்தால், பொதுவாக அவருடைய வருமானமாகவே கருதி வரி போடப்படும். பலரில் யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால், சில விலக்குகள் தவிர, உச்சபட்ச விகிதம். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொண்டால் வரி உங்கள் தலையில்தான்.

கை கால் முடங்கியவர், பார்வையற்றவர், காது கேளாதவர் என்று தன் காரியத்தைத் தானே முடிவு செய்யக்கூடியவர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் சட்டம் சொத்து வைத்துக்கொள்ளவும் நிதி விவகாரங்களைத் தாமே நடத்தவும் அவர்களுக்குச் சம உரிமை தருகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பட்டதாரி மகளின் பணத்தை அவளைக் கேட்காமல் அண்ணனின் கையில் கொடுக்கும் டிரஸ்ட் அவளுக்குச் செய்யும் அநீதி. அவளுக்கு உதவி வேண்டுமா, எதில் வேண்டும் என்பதை அவள் சொல்லட்டும்.

சேமிப்பு சொற்பமாக இருக்கும் குடும்பங்களுக்குப் பத்திரச் செலவும் ஆண்டுதோறும் வரும் கணக்குச் செலவும் தாங்காது. அவர்கள் முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, கார்டியன் ஆணை, மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை, நேஷனல் டிரஸ்ட்டின் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கையில் வாங்கிவிட வேண்டும். பெற்றோரில் ஒருவர் மத்திய அரசு ஊழியர் என்றால், சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஆவணத்தில் சேர்த்துவிடுங்கள்.

பத்திரத்தோடு இன்னொரு தாள் வேண்டும். அதற்குச் சட்ட வலு கிடையாது, முத்திரைத்தாளும் தேவையில்லை. பிள்ளையை உங்களைப் போல் அறியாத ஒருவருக்கு நீங்கள் எழுதும் கடிதம் அது. 'கல்வி, மருத்துவம், பராமரிப்பு' என்று பத்திரம் மூன்று சொற்களில் முடித்துவிடும். பராமரிப்பு என்றால் தம்பிக்கு என்ன என்று அந்த ஆடிட்டருக்கு எப்படித் தெரியும்?

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ரசம் சோறு சூடாக இருந்தால்தான் சாப்பிடுவான். தட்டில் தயிர் அதைத் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். வாழைப்பழத்தில் மறைத்துக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவான், நேராகச் சொன்னால் போட்டுக்கொள்வான். பல் வலித்தால் சொல்லத் தெரியாது, இடது காதை இழுத்துக்கொண்டே இருப்பான். முடி வெட்டும் மெஷின் சத்தம் ஆகாது, கத்தரிக்கோல்தான். பெரிய கூட்டத்தில் அழுதால் வெளியே கூட்டிவந்து ஒரு பஸ்ஸைக் காட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போகப் பணம் ஒதுக்க வேண்டும். அது ஆடம்பரம் அல்ல. ஆறு பக்கம் வந்தது. டிரஸ்டிகள் மூவரும் அதைப் படித்தார்கள். பத்திரத்தை வாசித்தபோது பேசாமல் இருந்த டீச்சர், காதை இழுக்கும் வரியில் மட்டும் நிறுத்தி, "எந்தக் காது?" என்று மறுபடியும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்தக் கடிதத்தை ஒவ்வொரு சித்திரையிலும் எடுத்துத் திருத்துகிறேன். இந்த ஆண்டு பஸ் வரியை அடித்துவிட்டேன். இப்போது அவனுக்கு மெட்ரோ ரயில்தான். கதவுக் கண்ணாடியோரம் நிற்க இடம் கிடைக்காவிட்டால் ஏறமாட்டான், அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று எழுதி, தேதி போட்டு, மூவருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.